கிழக்கே திரும்பிய திரை

அன்று காலை கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் நண்பன், கடைக்கார அண்ணன், என் அக்கா. வராதவர் அப்பா. சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார், அதுவும் தனியாக வருவதாகச் சொல்லவில்லை.

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்திலிருந்து கோயில் பக்கம் போகும் சாலையில் அண்ணனுக்கு ஜெராக்ஸ் எடுக்கும் கடையும் அதை ஒட்டி ஒரு காலி அறையும் இருந்தன. சென்னையில் எங்கேயோ மூடிப்போன விளையாட்டுக் கூடத்திலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டியை மலிவாகத் தூக்கி வந்து அந்த அறையில் போட்டிருந்தார். ஆள் உயரப் பெட்டி. உள்ளே இருந்த சர்க்யூட் பலகை எரிந்து போயிருந்தது, பிக்சர் ட்யூப் விரிசல் விட்டிருந்தது. மிச்சம் இருந்தவை மரமும், பிடித்து ஆட்டும் தடியும், அமுக்கும் பித்தான்களும்தான்.

"இதுக்கு உயிர் குடுக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் டிப்ளமா முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். நான் படிப்பதற்காக அக்கா தறியில் உட்கார்ந்து சேர்த்த கூலியில் வாங்கியது எங்கள் கம்ப்யூட்டர். படிப்பு முடிந்ததும் அப்பாவின் கணக்கு எளிமையாக இருந்தது.

"படிச்சி முடிச்சிட்ட. இனிமே அது இன்னாத்துக்கு? சும்மா தூசி பிடிச்சிக்கினு இருக்குது. டிசைன்காரர் கேட்டுக்கினே இருக்காரு."

டிசைன்காரர் என்றால், புடவைக்குப் போடும் மாங்காயையும் அன்னத்தையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தருபவர். அவருக்கு இரண்டாவதாக ஒன்று தேவைப்பட்டது. எனக்கு அந்த ஒன்றை விட்டால் வேறில்லை. கற்றதெல்லாம் அதில்தான் கற்றேன், இனிக் கற்கப் போவதும் அதில்தான். அதனால் அப்பாவிடம், "சும்மா இருக்காதுப்பா, சம்பாதிக்கும். கேம் பெட்டிக்குள்ள வச்சா அண்ணன் வாரா வாரம் வாடகை தரேன்றாரு" என்றேன்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து பாக்கறேன். ஓடிச்சின்னா உன்னுது. ஓடலன்னா டிசைன்காரரு கையோட எடுத்துக்கினு போவட்டும். அவரையும் கூட்டிக்கினு வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் இது.

பழைய கேம் பலகை செய்த வேலையைக் கம்ப்யூட்டரைக் கொண்டே செய்யவைக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். அதைப் போட்டு, ஒரு விமானச் சண்டை விளையாட்டை ஓட்டிப் பார்த்தபோது வந்த முதல் வம்பை நாங்கள் வீட்டிலேயே தீர்த்திருந்தோம். திரையில் விமானம் வரவில்லை. சாய்ந்து சாய்ந்து கிழிந்த பட்டைகள்தான் மேலே ஓடின. மானிட்டர் கொசுவைப் போல மெல்லிசாகக் கத்தியது. நண்பன் பயந்துபோய் ஒயரைப் பிடுங்கிவிட்டான்.

அவன் சின்னக் காஞ்சிபுரத்துக் கோயில் குடும்பத்துப் பையன், என்னோடு படித்தவன். எது கெட்டாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடலாம் என்பான். "விண்டோஸையே திரும்பப் போட்டுடலாம்டா."

எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. தறியில் அச்சு என்று ஒன்று உண்டு, நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களைச் சீப்பு மாதிரிப் பிரித்துப் பிடிப்பது. ஓர் அச்சுக்குக் கணக்கிட்ட பாவை வேறு அச்சில் கோத்தால் துணி வராது. பாவிலும் குற்றமில்லை, அச்சிலும் குற்றமில்லை, இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பழைய பெட்டியின் ட்யூப் குறைவான கோடுகளை மெதுவாக வரைந்தது. எமுலேட்டர் விசுவாசமாக அதே வேகத்தை எங்கள் மானிட்டரிடம் கேட்டது. எங்கள் மானிட்டரால் அவ்வளவு மெதுவாக ஓட முடியாது. எமுலேட்டரின் அமைப்புக் கோப்பைத் திறந்து, அந்தப் பழைய அளவைக் கேட்காதே, இந்த மானிட்டருக்குப் பழகிய அறுநூற்று நாற்பதுக்கு நானூற்று எண்பதிலேயே படத்தை விரித்துக் காட்டு என்று இரண்டு வரி மாற்றினேன். கொசுக் கத்தல் நின்றது. விமானம் நிமிர்ந்து பறந்தது. நண்பன் என்னைத் தூக்கிச் சுற்ற முயன்று மானிட்டரை இடிக்கப் பார்த்தான்.

ஆகவே ஞாயிறு காலை நாங்கள் பயமில்லாமல்தான் போனோம். பெட்டி தெற்குச் சுவரை ஒட்டி, வடக்கே பார்த்து நின்றிருந்தது. கம்ப்யூட்டரை அதன் வயிற்றில் வைத்தோம், மானிட்டரைக் கண்ணாடிக்குப் பின்னால் இறுக்கினோம். சுவிட்சைப் போட்டதும் மானிட்டருக்குள் 'தொம்' என்று ஒரு சத்தம், பிறகு படம். கடலுக்கு மேல் வெள்ளை வெளேரென்று மேகங்கள் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அப்படியே ஓடவிட்டோம்.

அண்ணன் தேங்காய் பழத் தட்டோடு உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி இது? கல்லா கெழக்கப் பாத்து இருக்குது, சாமி படம் கெழக்கப் பாத்து இருக்குது, இது மட்டும் ஏன் வடக்கப் பாத்துக்கினு இருக்குது? தொழிலு பண்ற பொருளு. திருப்புங்க."

ஓடிக்கொண்டிருந்த பெட்டியை மூன்று பேராக நகர்த்திக் கிழக்கே திருப்பினோம். அண்ணன் கண்ணாடியைத் திறந்து மானிட்டரின் மூலைகளில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். எல்லோரும் கற்பூரத்தைத்தான் பார்த்தோம். கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது நண்பன் சொன்னான்:

"அண்ணா, குங்குமத்தை ரொம்ப அப்பிட்டேளே. மூலையெல்லாம் வழிஞ்சிருக்கு."

வலது மேல் மூலையில் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு. எதிர் மூலையில் பச்சை கலந்த இன்னொன்று. அக்கா முந்தானையால் துடைத்தாள். குங்குமம் போயிற்று, ரோஜா போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தாள்.

"அழுத்தித் தொடைம்மா" என்றார் அண்ணன்.

"இதுக்கு மேல அழுத்துனா கண்ணாடி ஒடஞ்சிடும்ணா."

பக்கத்தில் டி.வி. பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் எட்டி நின்று பார்த்துவிட்டு, "ட்யூப்பு போச்சு. மாத்தறதுக்கு நீ புதுசே வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் கூடியிருந்த பசங்கள் சிரித்தார்கள். "மேகத்துக்கு ரோஸ் பவுடர் போட்டிருக்காங்கடா!"

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "தம்பி, கோச்சுக்காத. முதல் நாளே இப்டி இருந்தா ஜனம் வராது. சாயங்காலத்துக்குள்ள பாரு. இல்லன்னா அப்பா வருவாரு இல்ல, அவரோட எடுத்துக்கினு போயிடு" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

அப்பாவோடு எடுத்துக்கொண்டு போவது என்றால் டிசைன்காரர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது. அது அண்ணனுக்குத் தெரியாது.

"எமுலேட்டரை அழிச்சுட்டுத் திரும்பப் போடலாம்டா" என்றான் நண்பன்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை மேகம் ஒன்று மேலிருந்து வந்தது. மூலைக்கு வந்ததும் ரோஜாவாயிற்று. தாண்டியதும் மறுபடி வெள்ளையாயிற்று.

"மேகம் போவுது, கறை நிக்குது" என்றாள் அக்கா.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் பேசத் தெரிவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிற விஷயம் அது. நெய்த துணி சுருள, குறையும் அதனுடன் நகர்ந்து போனால் அது நூலின் குறை. துணி நகர்ந்தும் குறை அதே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தால் தறியின் குறை.

"அழிக்காதடா" என்றேன் நண்பனிடம். "எமுலேட்டர்ல ஒண்ணும் இல்ல. ட்யூப்லதான் இருக்குது."

"ட்யூப் போயிடுத்துன்னுதானே அவரும் சொன்னார்?"

"போகல. காலைல நல்லாதான இருந்துச்சு? அப்புறம் நாம இன்னா பண்ணோம்?"

"குங்குமம் வச்சோம்."

"அதுக்கு முன்னாடி?"

அவன் பெட்டியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "திருப்பினோம்."

அண்ணன் வருவதற்குள் பெட்டியை மூன்று பேரும் மறுபடி வடக்கே திருப்பினோம். நாங்கள் திருப்பத் திருப்ப, என் கண் முன்னால், ரோஜா வெளுத்துக் கரைந்தது. கிழக்கே திருப்பினோம். பூத்தது. நண்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கல்லூரிப் பாடத்தில் இரண்டே பத்தியாக வந்து போன ஒன்று எனக்குள் எழுந்து உட்கார்ந்தது. பூமியின் காந்தம், ட்யூப்புக்குள் ஓடும் எலக்ட்ரானை லேசாகத் தள்ளிவிடும். திசை மாறினால் தள்ளலும் மாறும். சிவப்புப் புள்ளிக்குப் போக வேண்டியது பக்கத்துப் பச்சைப் புள்ளியின் ஓரத்தைத் தொட்டுவிடும். அதைச் சரிக்கட்டத்தான் ட்யூப்பைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். சுவிட்ச் போட்ட நொடியில் அது வேலை செய்து நின்றுவிடும். அந்த 'தொம்' அதுதான்.

"அப்போ அணைச்சுப் போடு, முடிஞ்சுது!" என்றான். அணைத்துப் போட்டோம். தொம் வரவில்லை. ரோஜா அப்படியே இருந்தது. மறுபடி அணைத்துப் போட்டோம். இல்லை.

அவன் முகம் வாடிவிட்டது. எனக்கோ வீட்டில் எத்தனையோ தடவை பார்த்தது நினைவுக்கு வந்தது. காலையில் முதல் தடவை போடும்போதுதான் அந்தச் சத்தம் வரும். மின்சாரம் போய் உடனே வந்தால் வராது. சூடாக இருக்கும்வரை அந்தச் சுருளுக்கு மின்சாரம் போகாது. ஆற வேண்டும், நன்றாக ஆற வேண்டும்.

சுவிட்சை அணைத்தேன். "இனிமே யாரும் தொடக் கூடாது. நடுவுல ஒரு வாட்டி போட்டாலும் மறுபடி சூடாயிடும்."

அக்கா ஸ்டூலை சுவிட்ச் பலகைக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் திரும்பி வந்தார், அவர் பின்னாலேயே அப்பா. அப்பாவுக்குப் பின்னால், மடித்த சாக்கோடு டிசைன்காரர். சாக்கு எதற்கு என்று எனக்குப் புரிந்தது.

"இன்னாப்பா, கருப்பா இருக்குது?" என்றார் அப்பா.

"மானிட்டரு போயிடுச்சா? பரவால்ல தம்பி, எனக்கு கம்ப்யூட்டர் பெட்டி மட்டும் போதும்" என்றார் டிசைன்காரர், மிகுந்த இரக்கத்தோடு.

"போகலங்க. ஆறணும்."

"இது இன்னா பாயசமா, ஆற வச்சி சாப்பிடறதுக்கு?" அண்ணன் கையை நீட்டினார். "தள்ளும்மா, போட்டுப் பாப்போம்."

அக்கா நகரவில்லை. "வேணாம்ணா." அண்ணன் அவள் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனார். காந்தம், எலக்ட்ரான் என்று நான் எதையோ உளற ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. அப்போது நண்பன் நிதானமாகச் சொன்னான்:

"அண்ணா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. மணி நாலரை ஆயிடுத்து."

அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தார். ஞாயிறு, நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். கை மெல்லக் கீழே வந்தது.

"சொல்ல மாட்டியா சாமி? நல்ல காலம்! ஆறு வரைக்கும் யாரும் அந்த சுவிட்ச தொடாதீங்கப்பா."

அப்பாவும் தலையாட்டினார். டிசைன்காரர் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். நான் நண்பனைப் பார்க்கவே இல்லை, பார்த்திருந்தால் சிரித்திருப்பேன். அண்ணன் எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தார். டீ வந்தது. வாசலில் பசங்கள் மறுபடி சேர்ந்தார்கள். அப்பா பெட்டியைச் சுற்றி வந்து மரத்தைத் தட்டிப் பார்த்தார். "தேக்கு இல்ல" என்றார். அந்த நேரம் முழுக்க அவர் சொன்னது அது ஒன்றுதான்.

ஆறு அடித்தும் அண்ணன் கொஞ்சம் பொறுத்தார், கோயில் மணிக்காக. பிறகு என்னைப் பார்த்தார். அக்கா எழுந்து வழிவிட்டாள்.

"நீயே போடுக்கா" என்றேன்.

அவள் போட்டாள்.

தொம்.

திரை ஒரு கணம் தண்ணீர் மாதிரி நடுங்கி, அமைதியானது. கம்ப்யூட்டர் மெதுவாக எழுந்தது. கடல் வந்தது. மேலிருந்து ஒரு மேகம் இறங்கியது, மூலைக்கு வந்தது, தாண்டியது. வெள்ளை. அடுத்த மேகம், அதுவும் வெள்ளை. பெட்டி கிழக்கே பார்த்தபடியே நின்றது. நண்பன் கூச்சலிட்டுக்கொண்டு என்னைத் தூக்கிவிட்டான். இந்த முறை இடிக்க இடமிருந்தது, யாரும் கவலைப்படவில்லை. வாசலில் நின்ற பசங்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறினார்கள்.

"தள்ளுங்கடா, மொதல்ல எங்கக்கா ஆடும்" என்றேன்.

அக்கா தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவை விடுகிற அதே தாளத்தில் சுட்டாள். சீக்கிரமே செத்தாள். "இன்னொரு வாட்டி" என்றாள்.

அப்பா திரைக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தார். பட்டு வெள்ளையாக இருக்கிறதா, பழுப்பாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பவரின் பார்வை அது. மூலைகளை வெகுநேரம் பார்த்தார்.

"வெள்ளை சுத்தமா இருக்குது" என்றார். பிறகு டிசைன்காரரிடம் திரும்பினார். "நீங்க வேற எடத்துல பாத்துக்கங்க. இது வேலைக்குப் போவுது."

டிசைன்காரர் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போவதற்கு முன் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போனார்.

டீக்கடைக்காரர் கிளாஸ்களை எடுக்க வந்து, யார் கணக்கு என்று கேட்டார். அண்ணன் கல்லா பக்கம் திரும்புவதற்குள் அப்பா சட்டைப் பையில் கை விட்டிருந்தார். அந்த ட்யூப்பைச் சரிசெய்ய எங்களுக்கு ஆன மொத்தச் செலவு அதுதான்: ஆறு டீ, பன்னிரண்டு ரூபாய்.