வளைவில் நிற்கும் யந்திரம்

ஷார்ஜாவில் நான் வேலை பார்க்கும் கார் பாலிஷ் கடைக்கு வருகிறவர்கள் சாவியை நீட்டிக்கொண்டே என் தலைக்கு மேலே எதையோ தேடுவார்கள். முதலில் எனக்கு விளங்கவில்லை. ஒருநாள் இந்த ஊர்ப் பெண் ஒருவர் தன் கறுப்பு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, “வேன் ரய்யால்?” என்றார். பணத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, “ரியால் வேண்டாம், திர்ஹம்தான்” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ‘ஆம்பளை எங்கே?’ என்று கேட்டிருக்கிறார். ஆளும் பணமும் என் காதுக்கு ஒரே சத்தம். அர்த்தம் புரிந்ததும், பாலிஷ் போடும் யந்திரத்தை எடுத்து என் கையிலேயே பிடித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது. ஆனாலும் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகவில்லை.

நான் இந்தக் கடைக்கு வந்தது தரை துடைக்கவும் டீ போடவும். தலாக் ஆன பிறகு ஏர்வாடியில் எனக்கென்று மிச்சமிருந்தது இரக்கம் மட்டும்தான். அது வேண்டாமென்று விமானம் ஏறினேன். கடையில் கழற்றிப் போட்ட பழைய பம்பர்கள் ஒரு மூலையில் கிடக்கும். வேலை முடிந்ததும் அவற்றில் பாலிஷரை ஓட்டிப் பார்ப்பேன். டூயல் ஆக்‌ஷன் பாலிஷர் என்பது சுழன்றுகொண்டே தள்ளாடும் யந்திரம். தட்டையான பானட்டில் யாரும் ஓட்டிவிடலாம். சக்கரத்துக்கு மேலே புடைத்து வளையும் மட்கார்டில்தான் அதன் குணம் தெரியும். அழுத்திப் பிடித்தால் பஞ்சு வட்டின் ஒரு ஓரம் மட்டும் தகட்டில் முட்டி, சுழற்சி நின்றுவிடும். சத்தம் மட்டும் வரும், கீறல் அப்படியே இருக்கும். சின்ன வட்டாக மாற்றி, அழுத்தத்தைக் குறைத்து, வளைவோடு மணிக்கட்டும் கூடவே திரும்ப வேண்டும். பம்பர்களில் பழகிய பிறகு, ஆள் குறைந்த ஒரு நாளில் நானே கேட்டு வாங்கிய வேலை இது.

அப்படி ஒரு மட்கார்டில் குனிந்திருந்தபோது எடுத்த படத்தைக் கடைக்காரர்கள் இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். முக்காட்டிலும் மூக்கிலும் பாலிஷ் தெறித்திருந்த படம். அது ஏர்வாடிக்குப் போய்ச் சேர்ந்தது. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக் கார் ஓட்டும் என் காக்கா, அதாவது அண்ணன், போன் செய்தார்.

“என்ன புள்ள இது? ஜெஸிமாவுக்கு மாப்பிள பேசியிருக்க வீட்டுல பாத்துட்டாக. ஆபீஸ் வேலன்னு சொல்லி வச்சிருக்கோம்.”

“நான் அப்படிச் சொல்லலயே, காக்கா.”

“அது வேற யாரோன்னு சொல்லிருவோம். நீ அந்த வேலைய விட்டுரு.”

“அது நாந்தான். அப்படியே சொல்லுங்க.”

ஜெஸிமா என் தங்கை. சம்பந்தம் முறிந்தால் பழி என் தலையில்தான் விழும் என்று தெரியும். அவளே காக்காவிடமிருந்து போனைப் பிடுங்கினாள். “லாத்தா, நீ விட்டுறாத. ஒன்ன மறைச்சுட்டு எனக்கு ஒரு நிக்காஹ் வேணாம்.” சம்பந்தம் முறிந்தது. காக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

விடுமுறைக்குப் போனபோது, பெட்டியில் அத்தருக்கும் பாதாமுக்கும் நடுவே சொந்தமாக வாங்கிய பாலிஷரையும் வைத்துக்கொண்டு போனேன். காக்காவின் வெள்ளைக் கார் உப்புக்காற்றில் மங்கி, மணலோடு துணி போட்டுத் துடைத்ததில் மேலெல்லாம் கீறலாக நின்றது. அஸர் தொழுகை முடிந்து தெருவில் நிழல் விழுந்த நேரம், வாசலில் வைத்தே கழுவினேன். “பொம்பளப் புள்ள தெருவுல நின்னுக்கிட்டு...” என்றார் எதிர்வீட்டு மாமி. “உள்ள கார் நுழையாது மாமி” என்றேன்.

யந்திரத்தின் சதுரமுனை பிளக் எங்கள் வீட்டுச் சுவரில் நுழையவில்லை. நான் விழித்துக்கொண்டு நிற்க, காக்கா ஸ்க்ரூடிரைவரோடு வெளியே வந்தார். “தள்ளு புள்ள” என்றார். மாதக்கணக்கில் பேசாமலிருந்தவரின் முதல் வார்த்தை. அந்த பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு உருண்டைமுனை பிளக்கை மாட்டினார். பின்பக்க மட்கார்டை நான் முடித்ததும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

“ஸ்டாண்டுல கேப்பாகளே, என்ன சொல்ல?”

“தங்கச்சி போட்டான்னு சொல்லுங்க.”

மறுநாள் எங்கள் வாசலில் இரண்டு வாடகைக் கார்கள் வந்து நின்றன. ஜெஸிமாவுக்கு இன்னும் வரன் அமையவில்லை. அவள் இப்போது கார் ஓட்டப் பழகுகிறாள். காக்காதான் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறார்.

ஷார்ஜாவுக்குத் திரும்பி வந்து யந்திரத்தை எடுத்தால், ஏர்வாடி பிளக் இந்தச் சுவரில் நுழையவில்லை. வெட்டிவிட்டுப் புதிதாக மாட்டச் சொல்கிறார்கள். நான் மாட்டவில்லை. நடுவில் ஒரு அடாப்டரைச் செருகித்தான் தினமும் ஓட்டுகிறேன்.