மூணு பக்கிள் பூட்ஸ்

பால்ராஜ் வாழ்நாளில் செருப்பைக் கழற்றியதே இல்லை. அது தானாகக் கழன்றுகொள்ளும். பைக்கை நிறுத்துவார், இறங்குவார், நடக்க ஆரம்பிப்பார். போகிற போக்கில் ஒரு ரப்பர் செருப்பு மணலில் தங்கிவிடும், அடுத்த எட்டில் இன்னொன்று. விரித்த வலைக்குள் கால் வைக்கும்போது வெறுங்காலோடு இருப்பார். திரும்பி வரும்போது அவை இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடக்கும். இது எவ்வளவு பெரிய வசதி என்று அவருக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பூட்ஸ் வாங்கும்போது கொஞ்சம் யோசித்திருப்பார்.

அவருக்கு நண்டு வியாபாரம். வீடு பழவேற்காட்டில். காலையில் பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிக் கடலோரக் குப்பத்துக்குப் போவார். படகு கரையேறியதும் வலையை மணலில் விரித்துப்போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து பெண்கள் நண்டைச் சிக்கெடுப்பார்கள். கூடை நிறைந்ததும் அங்கேயே, வலைக்கு நடுவிலேயே ஏலம். எடுத்த நண்டைத் திருப்பாலைவனம் ரோட்டில் நிற்கும் கம்பெனி வண்டியில் ஏற்றிவிட்டால் அன்றைய பாடு முடிந்தது. ஆனால் தார் ரோடு குப்பம் வரை வராது. பாதி வழியில் மனசு மாறி நின்றுவிடும். அப்புறம் மணல். மணல் முடிந்தால் சேறு. சேற்றுக்குள் சிப்பி ஓடு.

போன ஐப்பசியில் அந்தச் சேற்றில்தான் வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. ஐஸ் பெட்டியோடு சேர்த்து மொத்தக் கனமும் கணுக்காலின் மேல். ரப்பர் செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. காலுக்குத்தான் புத்தூர் போய்க் கட்டுப் போட வேண்டியிருந்தது. "இதே எடத்துல இன்னொரு வாட்டி ஒடைஞ்சா, அப்புறம் வண்டி பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கலாம், அவ்ளோதான்" என்று சொல்லி அனுப்பினார் கட்டுக் கட்டியவர். நண்டு சீசன் முழுக்கக் கட்டிலில் போயிற்று. அந்த இடைவெளியில் திருப்பாலைவனத்துப் பிரசாந்த் நண்டு எடுக்கக் குப்பத்துக்குள் நுழைந்துவிட்டான். சின்ன வயசு, நல்ல கால்கள்.

கட்டுப் பிரித்த அன்றைக்கே பால்ராஜின் மனைவி சோபியா வண்டிச் சாவியை எடுத்துத் தன் பர்ஸுக்குள் போட்டுக்கொண்டாள்.

"முழங்கால் வரைக்கும் பூட்ஸ் வாங்கிப் போட்டாதான் சாவி."

"நண்டு எடுக்கறதுக்கு எவன்டி பூட்ஸ் போடறான்?"

"நண்டு எடுக்கப் போயி எவன் காலை ஒடைச்சுக்கறான்? நீதான. நீயே போடு."

இதைத் தூண்டிவிட்டவன் தோஹாவில் இருக்கும் அவள் தம்பி சாம்சன். கிடங்கில் வேலை, ஓய்வு நேரத்தில் கவலை. ஒடிசா பக்கம் புயல் போனால்கூட போன் போட்டு, "அக்கா, எல்லாரும் மாடிக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்பான். வீட்டுக்கு மாடி கிடையாது. அவன் மொபெட்டுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. ஆனால் பாலைவனத்தில் பைக் விடுகிறவர்களின் வீடியோ ஒன்று பாக்கியில்லாமல் பார்த்து முடித்திருந்தான். குரல் செய்தி குரல் செய்தியாக வந்து விழுந்தது.

"மாமா, மொதல்ல குதிகாலையும் முன்பக்கத்தையும் புடிச்சு, துணி புழியற மாதிரி முறுக்கிப் பாருங்க. ஈசியா முறுக்கிக்கிச்சுன்னா அது பூட்ஸ் இல்ல, சாக்ஸு. அடியில தையல் இருக்கணும். வெறும் பசைன்னா நம்மூரு உப்புத் தண்ணிக்கு வாயப் பொளந்துடும். முனை ரொம்பத் தடியா இருந்தா கியர் அடியில நுழையாது, வண்டி மேல உக்காந்து பாத்துட்டு வாங்குங்க. புதுசு வெலை கட்டாது மாமா, பழசுல நல்லதாத் தேடுங்க. ஆனா பக்கிள் ஒடைஞ்சா மாத்தக் கெடைக்குமான்னு கேட்டுக்கோங்க. அப்புறம், சாயந்தரமாப் போய்ப் போட்டுப் பாருங்க. காலைல காலு கொஞ்சம் சின்னதா இருக்கும்."

"எங்காலு எப்பவும் ஒரே சைஸுதான்" என்றார் பால்ராஜ்.

"ஆமா, சாயந்தரம் ஆனா வாய் மட்டும்தான் பெருசாவும்" என்றாள் சோபியா.

முதலில் செலவில்லாத வழிகளைப் பார்த்தார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் இரும்பு முனை வைத்த பழைய ஷூ ஒன்றைக் கொடுத்தார். விரலுக்குக் கோட்டை மாதிரி இருந்தது. கணுக்காலுக்கு முன்னாலேயே முடிந்துபோயிற்று. உடைந்ததோ கணுக்கால். கம்பூட் போட்டுப் பார்த்தார். ஏரி ஓரத்தில் ஒரு பள்ளத்தில் கால் வைத்ததும் மேல்வழியாகத் தண்ணீர் உள்ளே போயிற்று, வெளியே வர மறுத்துவிட்டது. காலுக்கொரு குடத்தை மாட்டிக்கொண்டது மாதிரி நடந்து வீடு வந்தார்.

கடைசியில் ஒரு சாயங்காலம் சென்னைக்கே போனார்கள். பழைய பைக் சாமான் விற்கிற சந்தில், ஒரு கடையின் உத்தரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு, ஓரத்தில் சிவப்புக் கோடு, முழங்கால் உயரம், ஒவ்வொன்றிலும் மூன்று பக்கிள். லடாக் போவதற்காக வாங்கிய பையன் வேலூரோடு திரும்பிவிட்டானாம். சோபியா அதை வாங்கி ஈரப் புடவையைப் பிழிகிற மாதிரி முறுக்கினாள்.

"கிழிச்சுடாதம்மா" என்றார் கடைக்காரர்.

"கிழிஞ்சா எனக்கு வேணாம், நீயே வெச்சுக்க."

கிழியவில்லை. முறுக்கிக்கொள்ளவும் இல்லை. அடியில் தையல் இருந்தது, பக்கிள் தனியாகக் கிடைத்தது, கியருக்கு அடியில் முனை நுழைந்தது. புதியதன் விலையில் பாதிதான் கேட்டார். சோபியா அதையும் குறைத்துவிட்டாள். எல்லாப் பரீட்சையிலும் பூட்ஸ் தேறியது. எவ்வளவு சீக்கிரம் கழற்றலாம் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சாம்சன் பார்த்த வீடியோக்களில் யாரும் வலைக்குள் இறங்கி நண்டு வாங்கவில்லையே.

சாவி கைக்கு வந்தது. பால்ராஜ் குப்பத்துக்குப் போனார். சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எழுந்திருங்கடி, இன்ஸ்பெக்டர் வராரு."

ஏலம் விடுகிறவள் காசியம்மாள். அவள் மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தாள். "இன்னா நைனா, நண்டு எடுக்க வந்தியா, நிலாவுக்குப் போறியா?"

பால்ராஜ் மிடுக்காக நடந்து வந்து வலையின் ஓரத்தில் நின்றார். நின்றதும்தான் புத்தியில் உறைத்தது. செருப்புக் காலோடு வலையை யாரும் மிதிக்கக் கூடாது. சோறு போடுகிற வலை. குப்பத்துக் குழந்தைகூடத் தாண்டாது. பால்ராஜ் கோயிலுக்குப் போகிறவர் இல்லை, ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் இந்த விஷயத்தில் குப்பத்துக்காரர்களைவிடக் கறார். ஒருமுறை ஷூவோடு வலையில் ஏறிய கம்பெனி அதிகாரியைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கியவரே அவர்தான்.

குனிந்தார். ஒற்றைக் காலில் நிற்கக் கணுக்கால் ஒத்துழைக்கவில்லை. மணலில் உட்கார்ந்தார். ஒரு பக்கிள், இன்னொன்று, மூன்றாவது, அதற்குள்ளே ஒரு பட்டை. இழுத்தால் பூட்ஸ் வரவில்லை, அவர்தான் பூட்ஸை நோக்கிப் போனார். அடுத்த காலின் முதல் பக்கிளில் கை வைத்தபோது காசியம்மாள் "மூணு தரம்" என்று முடித்துவிட்டாள். பிரசாந்த் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் செருப்புகள் வலைக்கு வெளியே தானாகக் கழன்று கிடந்தன. பால்ராஜ் அவற்றைப் பொறாமையோடு பார்த்தார்.

அடுத்த நாள் ஓரத்தில் நின்றபடியே விலை சொன்னார். கூடை கிடைத்தது. நண்டின் அடிவயிற்றை அமுக்கிப் பார்க்காமல் விலை சொல்லக் கூடாது என்று ஊருக்கே சொல்கிறவர் அவர்; அமுங்கினால் உள்ளே சதை இல்லை, தண்ணீர்தான். கம்பெனி வண்டிக்காரன் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, நண்டு எடுத்தியா, தண்ணி பாக்கெட் எடுத்தியா?" என்றான். அதற்கடுத்த நாள் பக்கிள் எதையும் போடாமலே ஓட்டிக்கொண்டு போனார். பட்டைகள் காற்றில் படபடத்தன. இரண்டு நாய்கள் அதைத் தங்களுக்கு விடுத்த அழைப்பாக எடுத்துக்கொண்டு பாலம் வரை கூடவே ஓடி வந்தன. செய்தி அவருக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்தது.

"பக்கிள் போடாம போனியாமே" என்றாள் சோபியா.

"நாய் சொல்லிச்சா?"

"நாய்க்கு இருக்கிற அக்கறைகூட உனக்கு இல்ல."

அதனால் பழைய ரப்பர் செருப்பை ஐஸ் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். பாலம் தாண்டியதும் மாற்றிக்கொள்வதாகத் திட்டம். பாலத்தடியில் தெரிந்தவர்கள் நின்றார்கள். சரி, சேற்றுக்கு முன்னால் மாற்றலாம். சேற்றுக்கு முன்னால் நிறுத்துவதற்குத் தோதான இடம் தேடிப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே போனவர், சேறு வந்துவிட்டதைப் பார்க்கவில்லை. பின் சக்கரம் வழுக்கியது. வண்டி இடது பக்கமாக, அதே பக்கமாக, அதே காலின் மேல் விழுந்தது.

கண்ணை மூடிக்கொண்டார். வலி வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. பூட்ஸுக்குள் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். ஐந்தும் ஆஜர். வண்டிக்கு அடியிலிருந்து காலை உருவினார். கணுக்கால் இருக்கும் இடத்தில், கறுப்பின் மேல் வெள்ளையாக ஒரு கீறல், அவ்வளவுதான். ஐஸ் பெட்டி திறந்து செருப்பு சேற்றில் கிடந்தது. அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்று ஏலம் முடிந்த பிறகுதான் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இடுப்புவரை சேறு. காசியம்மாள் காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இன்னிமே நான் வர மாட்டேன்க்கா" என்றார். "இத்த கழட்டறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடுது. இத்தப் போடலைன்னா இன்னிக்கி காலு போயிருக்கும். வேற வழி தெரில. காட்டுப்பள்ளியில எதுனா வேல கெடைக்குதான்னு பாக்கறேன்."

"நம்ம மீன்பாட்டக் கெடுக்கற போர்ட்டுலயா?" காசியம்மாளின் கை நின்றது. "எங்கிட்டயே வந்து சொல்ற பாரு, அந்தத் தைரியத்துக்கே உனக்கு ஒரு கூடை நண்டு சும்மா தரலாம். தர மாட்டேன்." அவள் கீறலைக் குனிந்து பார்த்தாள், தொட்டும் பார்த்தாள். "நல்ல சாமான்தான். ஆனா வலை மேல இது வரக் கூடாது. அதுல மாத்தம் இல்ல."

"நான் கேக்கவே இல்லையே அக்கா."

"நீ கட்டில்ல கெடந்தப்போ இங்க இன்னா நடந்துச்சு தெரியுமா? அந்தப் பிரசாந்த் புள்ள ஒரு வெலை சொல்லும். எதிர்ல ஆள் இல்ல. நானும் மூணு தரம் சொல்லிக் குடுத்துடுவேன். ஒரே ஆளு கேட்டா அது ஏலமா, தானமா?" அவள் கடைசிக் கூடையைக் கவிழ்த்தாள். "வலை ஊரோடது. தரம் என் வாயில கீது. நாளைக்கி வா."

மறுநாள் போனார். நண்டைக் கூடையில் கொட்டும்போதே மணலில் உட்கார்ந்து வலது பூட்ஸைக் கழற்றிவிட்டார். பிரசாந்த் நண்டை அமுக்கிப் பார்த்து விலை சொன்னான். காசியம்மாள் வாயைத் திறக்கவில்லை. பால்ராஜின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டக் என்று முதல் பக்கிள் திறந்தது.

"ஒரு தரம்."

இரண்டாவதும் திறந்தது.

"ரெண்டு தரம்."

மூன்றாவதில் மணல் மாட்டிக்கொண்டது. பால்ராஜ் ஊதினார். தட்டினார். பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அக்கா, மூணாவது?" என்றான் பிரசாந்த்.

"வரும் வரும். மணலு மாட்டினு கீது, தெரியல?"

"இன்னாக்கா இது. அவரு பூட்ஸுக்கு நாங்க காத்துனு நிக்கணுமா?"

"கல்யாணத்துல மாப்ள வர வரைக்கும் காத்துனு இருப்பல்ல, அப்படி நெனச்சுக்க. இல்லாட்டி நீயும் ஒண்ணு வாங்கினு வா."

பக்கிள் திறந்தது. பால்ராஜ் வெளிறிப்போன வெறுங்காலை வலையில் வைத்து நடந்து வந்தார். ஒரு நண்டை எடுத்து அடிவயிற்றை அமுக்கினார். கெட்டி. பிரசாந்தைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். அவன் இன்னும் ஏற்றினான். இவர் அதற்கு மேல் ஏற்றினார். கூடை பால்ராஜுக்கு வந்தது. நினைத்ததைவிட விலை அதிகம்தான். காசியம்மாள் சிரிக்கவே இல்லை, ரூபாயை இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த கூடையை இழுத்தாள்.

அன்று மதியம் சாம்சனிடமிருந்து குரல் செய்தி வந்தது. கழற்ற நேரமாகிறது என்று அக்கா சொன்னதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லையாம். ஒரே ஒரு சக்கரத்தைத் திருகினால் மொத்தமும் திறந்துகொள்கிற புது மாடல் வந்திருக்கிறதாம். லீவில் வரும்போது எடுத்து வரட்டுமா மாமா என்று கேட்டிருந்தான்.

பால்ராஜ் பதில் அனுப்பினார்.

"அதெல்லாம் வேணாம் சாம்சன். மூணு பக்கிளுக்குக் கொறஞ்சா நமக்கு ஆவாது. அப்படி ஒண்ணு வந்திருக்குன்னு மட்டும் பிரசாந்த் காதுல வுழாம பாத்துக்க."