அம்மாவுக்கு நான் எடுத்துவிட்ட நெட்டி

போன வருஷம் மழைக்காலம். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது. பல வருஷமாக முடக்குவாதம், விரலெல்லாம் கோணிப்போயிருந்தது. அப்போது புதிதாகக் கழுத்து வலியும் கையில் மரமரப்பும் சேர்ந்துகொண்டன. தேத்தண்ணிக் கோப்பைகூட நழுவியது.

"கூடைக் கயிறு இழுத்த கழுத்து, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் லயத்தில். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்து சுமந்தவர்கள் ஒருவருக்கொருவர் கழுத்தைத் திருப்பி நெட்டி எடுப்பது எங்கள் பக்கம் வழக்கம். நானும் வேலை விட்டு வந்ததும் எண்ணெய் தடவி, அம்மாவுக்குப் படக்கென்று எடுத்துவிடுவேன். சத்தம் கேட்டால் எனக்குப் பெருமை வேறு. பெரிய வைத்தியச்சி என்று நினைப்பு.

நடை தள்ளாடத் தொடங்கிய பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கழுத்தைப் படம் எடுத்துப் பார்த்த டொக்டர் பாதி சிங்களம், பாதி தமிழில் விளக்கினார். வாதத்தால் கழுத்தெலும்பின் பிடி தளர்ந்துவிட்டது, எலும்பு நகர்ந்து நரம்பை அழுத்துகிறது, வெடுக்கென்று திருப்பினால் மூச்சே நிற்கலாம். கழுத்தை யாராவது திருப்பினார்களா என்று கேட்டார்.

"இல்லீங்க சேர்" என்றார் அம்மா.

கழுத்துக்குப் பட்டி போட்டு, யோசித்து வரச் சொன்னார். ஒப்பரேஷன் செய்தால் இந்த வயதில் ஆபத்து. செய்யாவிட்டால் கைகால் விழுந்துவிடும். நோயா, கூடையா, என் கையா, எது இப்படிச் செய்தது என்றும் தெரியவில்லை. இரண்டு கிழமை மண்டை குழம்பித் திரிந்தேன். கேட்டவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தார். "என் கோப்பைய நானே புடிச்சுக் குடிச்சா போதும். செய்யச் சொல்லு."

செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். வார்டில் கண் விழித்துப் பேசத் தொடங்கியதும், ஏன் டொக்டரிடம் பொய் சொன்னீர்கள் என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"ஒன்னய ஏசுவாருன்னுதான். நீ திருப்புறப்பல்லாம் கரண்டு அடிச்ச மாதிரி கால் வரைக்கும் போகும். ஆசையா செய்றியேன்னு பேசாம இருந்தேன்" என்றார்.

இப்போது அவருக்குத் தலை வாரும்போதுகூட வலிக்கிறதா என்று கேட்கிறேன். இல்லை என்கிறார், அதை நம்புவதா வேண்டாமா என்றுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.