தொடாத முப்பது நாள்

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது இரண்டு கால் உள்ள சாமானியர்களுக்கான பழமொழி. அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாம் மாடிக்காரருக்கு நாலு கால் தேவைப்பட்டது. கணினியை வைத்து உயிர்களை ஆராய்வது அவர் தொழில். ஈரல் புற்று, கோதுமைப் பூஞ்சை, குடல் கிருமி ஆகிய மூன்றும் பேராசிரியரின் செல்லங்கள். நாலாவது மட்டும் அவருடையது: வௌவால் ஏன் இத்தனை வருஷம் உயிர் வாழ்கிறது? வேலை நீடிக்க வேண்டுமானால் அவர் பெயர் முதலில் வரும் கட்டுரை ஒன்று வேண்டும். அது வௌவால் கொடுத்தால்தான் உண்டு. மூன்று வருஷக் கணக்கீடு. கூடத்தில் அவருக்குப் பெயரே வௌவால்தான். வௌவாலுக்கு வாழ்க்கைப்பட்டால் தலைகீழாகத்தான் தொங்கணும் என்று மனைவியும் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

நாலையும் மேய்க்க, சுவரில் நாலு வண்ணத்தில் ஓர் அட்டவணை. அதில் வெள்ளிக்கிழமை கடைசி அரைமணிக்குப் பெயர் 'தொடுதல்'. எல்லோருக்கும் பொதுவான பெரிய கணினி, முப்பது நாள் யாரும் தொடாத கோப்பைத் தானே அழித்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை கோப்புகளைச் சும்மா தொட்டுவிட்டு வருவது அங்கே எல்லோரும் செய்யும் கண்ணியமான திருட்டுத்தனம்.

பேராசிரியர் ஒருநாள் எலி மூளையோடு வந்தார். சின்ன வேலைதானாம், ரெண்டே நாளாம். அட்டவணையில் ஊசி குத்த இடமில்லை. வௌவாலின் வியாழக்கிழமையை அந்த ஒரு மாதத்துக்குப் பூஞ்சை தின்றுவிட்டிருந்தது. மூன்றாம் மாடிக்காரர் யோசித்து, உருப்படியான வேலை எதுவும் நடக்காத அந்தத் தொடுதலை அடித்துவிட்டு எலியைக் குடியேற்றினார். மற்ற மூன்றின் கோப்புகள் தினமும் புழங்குபவை, பிழைத்தன. எச்சரிக்கை மடல்களும் வந்தன. கவனம் சிதறக்கூடாதென்று, அவை மாதக் கடைசியில் படிப்பதற்கென்று வைத்த தனிப் பெட்டியில் போய் விழும்படி அவரே ஏற்பாடு செய்திருந்தார்.

முப்பத்தொன்றாம் நாள் வௌவால் கோப்பைத் திறந்தால், துடைத்து வைத்த பாத்திரம்.

"முப்பது நாள் தொடல சார், அதுவே அழிச்சிடுச்சு," என்றார் கணினி அறைக்காரர். "நகல் எடுத்து வச்சீங்களா?"

நகல் எடுப்பது அடுத்த மாத அட்டவணையில் இருந்தது. மறுபடி ஓட்டினால், வரிசையில் காத்திருப்பதையும் சேர்த்து எட்டு மாதம். வேலை ஒப்பந்தம் முடிய மிச்சம் இரண்டு மாதம்.

பேராசிரியர் உண்மையாகவே வருந்தினார். "விடுங்க தம்பி, மத்த நாலும் நல்லாப் போகுதே," என்றார். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் காட்டலாமென்று அட்டவணையைப் படமும் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் அவர் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்கு விளங்கிவிட்டது. இனி என்ன செய்யப் போகிறார் என்று மட்டும் கேட்டாள்.

"அட்டவணைய மாத்தணும்."

"இன்னும் எதுக்குங்க அது?"

"வர்றவருக்கு நாலு வேலையையும் ஒப்படைக்கணும்ல. அதுக்கு வௌவால் கட்டம் காலியாத்தானே இருக்கு."