பர்மாக்காரியின் புருஷன்

சக்கரவர்த்தி முப்பத்திரண்டு வருஷம் ரேஷன் கார்டுகளில் செத்தவர்கள் பெயரை அடித்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் யாராவது போய்ச் சேர்ந்தால், அந்த வீட்டார் அழுது முடித்து, காரியம் முடித்து, ஆறப்போட்டு இவர் மேஜைக்கு வருவார்கள். இவர் ஸ்கேலை வைத்துச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பார். கோடு கோணக் கூடாது. போனவர் மிராசுதாரோ, மூட்டை தூக்கியவரோ, ஒரே மை, ஒரே நேர். திருவண்ணாமலையில் சமத்துவம் ஒழுங்காக நடந்த இடங்களில் அந்த மேஜையும் ஒன்று.

ரிட்டயர் ஆனதும் அவருக்குப் பிடித்த கிறுக்கு இதற்கு நேர் எதிர். செத்தவர்களின் பெயரைச் சேர்க்க ஆரம்பித்தார்.

ஆரம்பித்து வைத்தவர் மாடி ரூமில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர். ரமணாசிரமம் பக்கம் ஒருவருக்கு மாடி ரூம் இருந்தால் வெள்ளைக்காரர் தானாக வந்து சேருவார். மற்றவர்கள் தங்களையே தேடிக்கொண்டு வருகிற ஊரில், இவர் இரண்டாம் உலகப் போரில் செத்த தன் தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தார். போரில் மடிந்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைக்க வெளிநாட்டில் ஓர் ஆணையம் இருக்கிறது, விட்டுப்போன பெயரை இன்றைக்கும் சேர்ப்பார்கள், ஆதாரம் மட்டும் வேண்டும் என்றார். ஆதாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் சக்கரவர்த்திக்கு உடம்பு சிலிர்த்தது. வெள்ளைக்காரர் நிம்மதி கிடைத்து ஊருக்குப் போய்விட்டார். கிறுக்கு மட்டும் மாடியை விட்டுக் கீழே இறங்கி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டது.

"உசிரோட இருக்கிற எங்கப்பாவுக்கு ஒரு போன் போட மாட்டீங்க. செத்தவங்களுக்கு ராவும் பகலும் ஈமெயில்" என்றாள் மனைவி சரசு.

"உங்கப்பா பேர் எங்கயும் விட்டுப் போகலையே" என்றார் சக்கரவர்த்தி.

அவர் தேடிப் பிடித்தவர்களில் ஒருவன் இருசப்பன். கீழ்பென்னாத்தூர்க்காரன். பயனியர் படையில் சேர்ந்தவன். துப்பாக்கி கம்மி, மண்வெட்டி ஜாஸ்தியான படை. அஸ்ஸாமில் பர்மா எல்லைப் பக்கம் ரோடு போடப் போன இடத்தில் மலேரியா வந்து, 1944-இல் ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் செத்தான். அதற்குள் அவன் படை வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி தன் பதிவில் புதைத்ததாக எழுதியது. படை தன் பதிவில் ஆளைக் காணோம் என்று எழுதியது. இரண்டு பதிவும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. ஆக, ஆஸ்பத்திரிக் கணக்கில் அவன் செத்தான், பட்டாளக் கணக்கில் ஓடிப்போனான், ஊர்க் கணக்கில் பர்மாக்காரி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு சோக்காக வாழ்ந்தான்.

பெயரைக் கல்லில் ஏற்ற எல்லாம் தயார். 'ஆமாம், இவர் எங்கள் ஆள்தான்' என்று குடும்பத்தில் ஒருவர் உறுதி சொன்னால் போதும். இருசப்பனின் மகள் காசியம்மாள் இருக்கிறாள் என்று தெரிந்ததும் சக்கரவர்த்தி பஸ் ஏறினார். எண்பது வருஷப் பழியைத் துடைத்தெறியப் போகிற சந்தோஷத்தில் சட்டைக்கு இஸ்திரிகூடப் போட்டிருந்தார்.

போய் இறங்கியது கல்யாண வீட்டில். காசியம்மாளின் பேத்தி தேவிப்ரியாவுக்குப் பத்து நாளில் முகூர்த்தம். கூடத்தில் பெண்கள் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கலசம். அதற்குப் புதுப்புடவை சுற்றி, வளையல் மாட்டியிருந்தது.

"யாரு சார், சமையல் காண்ட்ராக்டா?" என்றான் காசியம்மாளின் மகன் இளவரசன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை வாங்கி விற்கிறவன்.

"இல்லைங்க. உங்க தாத்தா விஷயமா வந்தேன். இருசப்பன்."

"அந்தாளா? பர்மாலேர்ந்து சொத்து கித்து வந்துக்குதா?"

சக்கரவர்த்தி மூலையில் உட்கார்ந்திருந்த காசியம்மாளிடம் போனார். எண்பத்திரண்டு வயசு. அப்பன் பட்டாளத்துக்குப் போனபோது அவள் கைக்குழந்தை, முகமே தெரியாது.

"அம்மா, உங்கப்பா யார்கூடவும் ஓடிப் போகலைங்க. நாப்பத்தி நாலுலயே ஆஸ்பத்திரில இறந்துட்டாரு. ஜொரம்."

பூக் கட்டிய கைகள் நின்றன. ஆனந்தக் கண்ணீரை எதிர்பார்த்து வந்தவருக்கு ஒருத்தரும் ஏன் தன்னைப் பார்க்கவில்லை என்று புரியவில்லை. எல்லோரும் கலசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்ணை அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடும். கல்யாணத்துக்கு முன் அவளுக்குப் புடவை வைத்துப் படைத்தால்தான் அடுத்த வேலை. இந்த வீட்டுப் பூவாடைக்காரி, காசியம்மாளின் அம்மா வெள்ளையம்மாள். ஓடிப்போன புருஷன் எங்கோ உயிரோடு இருக்கிறான் என்ற தைரியத்தில் 2003 வரைக்கும் பூ வைத்து, மஞ்சள் பூசி, கூறைப்புடவையோடு மண்ணுக்குள் போனவள். புருஷன் 1944-லேயே செத்திருந்தால் அவள் யார்? ஆபீஸில் கணக்கெழுதியே காலம் தள்ளிய சக்கரவர்த்தி அந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் போட்டு முடித்துவிட்டார்கள்.

"எண்பது வருசம் பொறுத்துக்கினீங்க. இன்னும் பத்து நாள் பொறுக்க முடியலையா சார்?" என்றான் இளவரசன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

காசியம்மாள் எழுந்து கொல்லைக் குழாயடிக்குப் போனாள். கட்டிய புடவையோடு ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். சொட்டச் சொட்ட வந்து நின்றாள்.

"சாவு சேதி கேட்டா தலை முழுவணும். முழுவிட்டேன். எங்கப்பனுக்கு என்னால அவ்ளோதான் முடியும். நீங்க கெளம்புங்க." அப்புறம் பெண்களிடம் திரும்பினாள். "இன்னா வேடிக்கை பாக்கிறீங்க? பூவக் கட்டுங்கடி."

வீட்டில் சரசு விஷயத்தைக் கேட்டாள். "கல்யாண வீட்ல போயி எழவு சொல்லிட்டு வந்துக்கிறீங்க" என்றாள். சக்கரவர்த்தி கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்துக் காசியம்மாளே கூப்பிட்டனுப்பினாள். அவர் போனபோது தனியாக உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"குந்துங்க. அந்த பர்மாக்காரி இருந்தாளே, அவள உண்டாக்குனதே எங்கம்மாதான்."

சக்கரவர்த்தி உட்கார்ந்தார்.

"பன்னெண்டு வருசம் ஆள் வரலைனா தாலிய எடுக்கணும்னு ஊர்ப் பெரியவங்க வந்துட்டாங்க. எங்கம்மா உலக்கையத் தூக்கிக்கினு வந்தா. 'அவன் பர்மாக்காரியோட சோக்கா கீறான், கப்பல்ல வந்தவன் பாத்துட்டு வந்து சொன்னான், நான் எதுக்குடா தாலி அறுக்கணும்'னா. கப்பல்ல எவனும் வர்ல. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்."

"நம்பிட்டாங்களா?"

"ஆம்பள கெட்டவன்னு சொன்னா எவன் நம்ப மாட்டான்? அப்புறம் அவளுக்குப் புள்ளைங்க பொறந்துச்சி, ஊடு கட்டுனா, எல்லாம் எங்கம்மா வாயிலதான். தெனம் சாயங்காலம் எங்கப்பன வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டுவா. திட்டிட்டு பூ வச்சிக்குவா."

"அவர் செத்துட்டாருன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா பூவ அப்படிப் புடிச்சிக்கினு கெடந்தா?" ஒரு பிடி தோலை முறத்தில் ஒதுக்கினாள். "நானும் கூட சேந்து திட்டினேன். நெசமாவே நம்பிட்டேன் ஒரு வயசுல. பாவம், அந்த மனுசன் அங்க ஜொரத்துல கெடந்து செத்துக்கிறாரு."

முறத்தை ஒரு தடவை புடைத்தாள். பிறகு, "எங்கப்பன் பேரு கல்லுல இருக்கட்டும். ரேகை வைக்கிறேன். இன்னா எழுதிக்கிறீங்க, படிங்க."

அவர் படித்தார். "இருசப்பன். கண்ணாயிரத்தின் மகன். கீழ்பென்னாத்தூர். வெள்ளையம்மாளின் கணவர்."

"அந்தக் கடைசிது வேணாம். அடிச்சிருங்க."

"அவங்களுக்கும் ஒரு மரியாதைங்க அது. உலகத்துல யார் தேடினாலும் அவர் பேரோட இவங்க பேரும் வரும்."

"அதுக்குத்தான் சொல்றேன். அங்க பேரு வந்தா எங்கம்மா தாலியறுத்தவ. இங்க அவ பூவாடைக்காரி. ஊரு அழிக்காத பொட்ட நான் அழிக்கணுமா?"

"உங்கப்பா கல்யாணமே ஆகாத ஆள் மாதிரி நிப்பாரும்மா."

"ஒத்தையா நிக்கிறது அவருக்குப் பழக்கந்தான்." இன்னொரு மல்லாட்டையை உடைத்தாள். "மகள்னு போட்டா அம்மா யாருன்னு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"நல்ல ஆபீஸு."

சக்கரவர்த்தி பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். சிவப்புப் பேனாவும் இருந்தது. அது பையை விட்டுப் போனதே இல்லை. ஒருவனைச் சேர்க்க வந்த இடத்தில் அவன் பெண்டாட்டியை அடிக்க வேண்டியிருந்தது. ஸ்கேலை இரண்டு தடவை வைத்து எடுத்தார். மூன்றாவது தடவை இழுத்தார்.

"அடிச்சிட்டீங்களா? எங்க, காட்டுங்க."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவர் அவள் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தார். இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். கோடு நடுவில் கோணியிருந்தது.

"நேராத்தான் கீது" என்றாள்.

கட்டைவிரலை ஊதா மையில் அழுத்தி ரேகை வைத்தாள். துணி தேடவில்லை. மை விரலைத் தலையிலேயே தேய்த்துக்கொண்டாள். நரைத்த மயிரில், பூ வைத்து வெகுநாளான இடத்தில், ஊதா அப்பியது.