செங்காட்டுப்பாளையத்துக்குத் திரும்பிய டவுன் பஸ்

ஞாயிறு, பிற்பகல் 3.40. கிணத்துக்கடவில் டவுன் பஸ் ஏறினேன். செங்காட்டுப்பாளையம் ஐந்து கிலோமீட்டர். டிக்கெட் ஒன்றரை ரூபாய். தஞ்சாவூர்க்காரனான எனக்கு அந்த ஊரில் ஒரு வேலையும் இல்லை. உள்ளாட்சித் தேர்தலன்று இரு கோஷ்டிச் சண்டையில் கல்லடி பட்டு நின்றுபோன பஸ் மூன்று மாதம் கழித்து இன்றுதான் மறுபடி போகிறது என்று டீக்கடையில் சொன்னார்கள். அவ்வளவுதான், கால் நிற்கவில்லை.

டிரைவர் சென்னியப்பனின் நெற்றியில் அன்றைய தழும்பு இருந்தது. பயமில்லையா என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமுங்களா? ஸ்டெல்லான்னு ஒரு அம்மணி, பஞ்சு மில்லுல வேலை. மூணு மாசமா மெயின் ரோட்டுக்கு நடந்தே வருது. இனி முடியாது, வேலைய உட்டுப்போடறேன்னு டெப்போவுல வந்து அழுதுச்சு. அதுக்காவத்தான் வாரேனுங்க. ஆனா இன்னைக்கு ஒரு சண்டைன்னாலும் நாளைக்கு வண்டி இல்லீங்க."

4.05. ஊர் எல்லையில் வாழைமரம், மாலை. ஜெயித்த தலைவர் வழிமறித்தார். "ஏனுங்க டிரைவர், ஊட்ல எலை போட்டாச்சுங்க. ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுத்தான் போகோணும்!"

தோற்றவர் ஓடிவந்தார். "அதெப்படிங்க? எங்கூட்ல கோழி அடிச்சிருக்குதுங்க!"

இந்தப் பக்கத்தில் விருந்துக்கு மறுத்தால் கோபம். எதிராளி வீட்டில் முதலில் கை நனைத்தால் அதைவிடப் பெரிய கோபம். அடப் பாவிகளா, கல்லெறிந்த கூட்டம் இப்போது சோறு போடச் சண்டையிடுகிறதே! குரல்கள் ஏறின. அப்போதும் ஒருவர் வாயிலும் 'ங்க' குறையவில்லை.

சென்னியப்பன் இறங்கவே இல்லை. "வண்டி திரும்பற எடத்துல கொஞ்ச நேரம் நிக்குமுங்க. அங்க கொண்டாந்தா ரெண்டையும் சாப்புடறனுங்க" என்று கியரைப் போட்டார்.

வண்டி திரும்புமிடம் காலனியில், சர்ச்சுக்கு எதிரே. ஓட்டுக் கேட்க மட்டுமே அங்கே வந்து பழகிய இரு தலைவர்களும் தூக்குப்போசியில் சோறும் குழம்பும், கையில் வாழை இலையுமாக வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். யார் முதலில் பரிமாறுவது? மறுபடி முறைப்பு.

வேடிக்கை பார்த்த காலனிக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். "அதுதானுங்க ஸ்டெல்லா" என்றார் சென்னியப்பன். இரண்டு தூக்குப்போசிகளையும் அவளே வாங்கி, ஒரே இலையில் இரண்டு குழம்பையும் ஒன்றாக ஊற்றிக் கலந்துவிட்டாள்.

"எது யாரூட்டுதுன்னு இனி அவுருக்கே தெரியாதுங்க!"

காலனியே சிரித்தது. தலைவர்களும் வேறு வழியில்லாமல் சிரித்தார்கள். அவள் கை பட்ட பாத்திரத்தை மறுபேச்சில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டதுதான் எனக்கு ஆச்சரியம். சென்னியப்பன் இலையை வழித்துச் சாப்பிட்டார்.

"நாளைக்குங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"காலைல ஆறேகாலுக்கு வாரேன் கண்ணு."

4.30. புறப்படும்போது அவளும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, மெயின் ரோட்டுக்கு டிக்கெட் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மா உக்காந்து போலாம்னு."

"இதுதான் இன்னைக்குக் கடைசி பஸ்ஸாமே. எப்படித் திரும்புவீங்க?"

"நடந்துதானுங்க" என்று சிரித்தாள்.