எங்க ஊட்டு மணியைக் கழட்டின சங்கம்

கடிகாரம் சேர்க்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவன் கடிகாரத்தைக் கண்டா, திறந்து உள்ள பார்க்காம அவனுக்குச் சோறு இறங்காது. கும்மிடிப்பூண்டி பக்கம் இப்படி முப்பது பேரு இருக்கிற சங்கத்துக்கு நான் செயலாளர். வார நாள்ல தேர்வாய் கண்டிகையில கம்பெனி ஷிப்ட்டு. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை இவங்களோட மாரடிப்பு. எந்தச் சங்கத்துலயாவது செயலாளரா மாட்டிக்கினு முழிக்கிறவங்க இதைப் படிங்க. என் வயித்தெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

சும்மா இருக்காத கை

போன வருஷம் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி ஒரு விதி போட்டேன்: சொந்தக்காரரைக் கேக்காம யாரும் எந்தக் கடிகாரத்தையும் திறக்கக் கூடாது. அதை வாசிக்க மேடைக்குப் போகும்போது, கை வேர்த்துச்சேன்னு வாட்ச்சைக் கழட்டி மேஜையில வச்சேன். திரும்பி வந்தா, கடம்பத்தூர்லேந்து ரயில்ல வர்ற உறுப்பினர் ஒருத்தர் அதோட பின்மூடியைத் திறந்து, கண்ணுல லென்ஸை மாட்டிக்கினு உள்ள ஊதிக்கினு இருக்காரு. விதியை வாசிச்சப்ப முதல்ல கை தட்டினவரும் அவர்தான்! வாட்ச்சைப் புடுங்கினேன்.

"நீ பேசிக்கினே இருந்தியா, என் கை சும்மா இருக்கல செக்ரட்டரி."

ஆயில் போட்ட கதை

எங்க ஊட்ல ஒரு சுவர்க்கடிகாரம் இருக்குது. அடுத்தவங்க நெலத்துல மூட்டை தூக்கினு இருந்த எங்க நைனா, கம்பெனியில பர்மனென்ட் ஆனப்ப வாங்கின முதல் சாமான் அது. சுகர்ல அவருக்கு ரெண்டு கண்ணும் போயி ஆறு வருஷமாச்சு. இப்ப அவருக்கு நேரம்னா அந்த மணிச் சத்தம்தான். விரலை மடக்கி எண்ணுவாரு. எட்டு அடிச்சா மாத்திரை, ஒண்ணு அடிச்சா சோறு. நானும் சம்சாரமும் ஷிப்ட்டுக்குப் போயிட்டா, அந்த மணிதான் அவருக்குத் துணை.

எங்க சங்கத் தலைவருக்கு ஆரணியில நெல் வியாபாரம். "கண்காட்சி வருதுப்பா, ஆயில் போட்டுத் தரேன்"னு அதை வாங்கிக்கினு போனாரு. நானும் குடுத்தேன், புத்தி கெட்டவன். ஒரு வாரம் கழிச்சுத் திரும்ப வந்துச்சு. மாட்டினேன். எட்டு அடிச்சுது, தகர டப்பாவைத் தட்டின மாதிரி. நைனா ஒரு விரலைக்கூட மடக்கல.

"இது யாரு ஊட்டு மணிடா? நம்ம ஊட்ல இன்னாத்துக்கு அடிக்குது?"

விதிப்படி

திறந்து பார்த்தேன். மணியடிக்கிற சுருள் கம்பியை உள்ள ஒரு சின்ன இரும்புக் கட்டையில மாட்டியிருக்கும். எங்க கட்டையில நைனா கம்பெனி பெயிண்ட்டால சிவப்பா ஒரு பொட்டு வச்சிருந்தாரு. இதுல பொட்டைக் காணோம்; கட்டையோட கம்பியையே மாத்தி வச்சிருக்காரு. தலைவருக்குப் போன் போட்டா, "ஆயில் பட்டா அழியும்பா"ன்றாரு. இத்தினி வருஷம் அழியாத பெயிண்ட்டு ஒரே வாரத்துல அழியுமா? கேக்கிறவன் கேனையனா?

அப்புறம் நைனா பட்ட பேஜாரு சொல்லி மாளாது. மணி அடிச்சா முகத்தைத் திருப்பிக்குவாரு. ஒரு நாள் நேரம் தெரியாம சுகர் மாத்திரையை ரெண்டு தடவை முழுங்கிட்டு மயங்கிக் கிடந்தாரு. பக்கத்து ஊட்டுக்காரங்க பார்த்ததால பொழச்சாரு. அந்த ஆத்திரத்தோட செயற்குழுவுல எழுந்து நின்னு எல்லாத்தையும் சொன்னேன். பொருளாளர் மினிட்ஸ் நோட்டை மூடி வச்சிட்டு, சாவகாசமா டீயை உறிஞ்சினாரு.

"தலைவர் மேல புகார்னா, விதிப்படி தலைவர்கிட்டதான் எழுதிக் குடுக்கணும்."

பதினொண்ணு

பொன்னேரியில மண்டபம் எடுத்துக் கண்காட்சி வச்சோம். சம்சாரத்துக்கு அன்னிக்கு ஷிப்ட்டு. நைனாவைத் தனியா விடப் பயந்து, கூட்டிக்கினு போய் ஒரு சேர்ல உக்கார வச்சேன். மணி பதினொண்ணாச்சு. எங்க ஆளுங்க கடிகாரம் என்னிக்கு ஒண்ணா அடிச்சிருக்கு? ஒண்ணு முடிச்சா இன்னொண்ணு ஆரம்பிக்குது. திடீர்னு நைனா நிமிர்ந்து உக்காந்தாரு. விரல் ஒண்ணொண்ணா மடங்குது! பதினொண்ணு வரைக்கும் எண்ணிட்டு எழுந்து நின்னாரு. "டேய், அதோ நம்ம ஊட்டு மணி!" அவரு கை நீட்டின பக்கம் தலைவரோட கடிகாரம், 'இனிய மணியோசை: முதல் பரிசு'ன்னு அட்டை தொங்க நிக்குது.

தலைவர் சிரிச்சிக்கினே வந்தாரு. "கம்பி ஒண்ணுதானப்பா, கண்காட்சி முடியட்டும், தரேன். கண்ணு தெரியாத ஆளு, நீ போய் உக்காரு"ன்னாரு, எழுபது வயசு மனுஷனைப் பார்த்து. எனக்குக் கோவம் உச்சந்தலை வரைக்கும் ஏறிச்சு. "எங்க நைனா இன்னாத்துக்கு உக்காரணும்? திருடின நீ உக்காருய்யா!"ன்னு கத்தினேன். மண்டபமே திரும்பிச்சு. கடிகாரக் கதவைத் திறந்தேன். உள்ள சிவப்புப் பொட்டு. கழட்டலாம்னா ஸ்க்ரூ டிரைவர் இல்ல. பக்கத்துலேந்து ஒரு கை நீண்டுச்சு. நம்ம கடம்பத்தூர்க்காரரு!

"இந்தா செக்ரட்டரி, சின்ன சைஸு. இடது பக்கமா திருப்பு."

இப்ப எட்டு அடிச்சா எங்க நைனா எண்ணிப் பார்த்து மாத்திரை போட்டுக்கிறாரு. சொந்தக்காரரைக் கேக்காம கடிகாரத்தைத் திறந்தவர்னு எங்க சங்கத்து மினிட்ஸ் நோட்டுல ஏறியிருக்கிற ஒரே பேரு, அந்த விதியைப் போட்ட என்னோடது.